வழிகாட்டியே தீர்ப்பாளர் ஆகலாமா?

எமது நாட்டின் தொழில்வாண்மைச் சங்கங்கள் தம் இளைய அங்கத்தவர்க்கு ஏதேனும் செய்தல் வேண்டும் என எண்ணுந்தோறும் இன்று முதலிற் கைக்கொள்வது வழிகாட்டல் திட்டம் என்பதனையே. மங்கல விளக்கேற்றப்படும், தலைவர் உரையாற்றுவார், மூத்த அங்கத்தவர் பெயரும் இளைய அங்கத்தவர் பெயரும் சோடி சேர்க்கப்பட்ட பட்டியலொன்று வாசிக்கப்படும், குழுப்படம் எடுக்கப்படும். ஆண்டறிக்கையிலே இத்தனை சோடிகள் என ஓர் எண் இடம்பெறும். அச்சோடியினர் அதன்பின் ஒருவரையொருவர் கண்டனரா, கண்டு என்ன பேசினர் என்பதை அறிக்கை கூறாது; கேட்பாரும் இலர்.

கட்டட நிர்மாணத் துறையைச் சார்ந்த சங்கமொன்றில் இத்தகைய திட்டத்தின் செயலாளனாக மூன்றாண்டுகள் பணிபுரிந்தவன் நான். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதன்று. எப்பெயரை இட்டு வாசித்தாலும் இக்கட்டுரை பெரும்பாலும் பொருந்திவிடும் என்பதே என் அச்சம். அம்மூன்றாண்டுகளில் நான் தயாரித்த பட்டியல்களுக்கும் எடுப்பித்த படங்களுக்கும் உரிய பழியை ஏற்றுக்கொண்டே இதனை எழுதுகின்றேன். என் வாதம் ஒன்றே. ஓர் இளையவரின் தகுதி பற்றித் தீர்ப்புக் கூறும் அதிகாரம் உடையவர் எவரோ, அவர் அவ்விளையவருக்கு வழிகாட்டியாக இருத்தல் கூடாது. இதனை ஏற்காத திட்டம், எத்துணை நன்னோக்கத்துடன் தொடங்கப்பெற்றதாயினும், ஒற்றாடலுக்கு இட்ட மறுபெயராகவே முடியும்.

ஒற்றாடல் என்பது கடுமையான சொல்தான். அதனை நான் தேர்ந்தமைக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகின்றேன்.

மாகாண நகரமொன்றிலே பணியாற்றிய இளம் பொறியியலாளர் ஒருவர் எமது திட்டத்திற் சேர்ந்தார், பெண். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர், அவர் பணிபுரிந்த அலுவலகத்திலேயே அவருக்கு இரண்டு படி மேலிருந்த அதிகாரி. ‘ஒரே கூரையின் கீழ் இருக்கின்றனர், சந்திப்பது எளிது’ என்று சொல்லி அச்சோடியைச் சேர்த்தவன் நானே. கொங்கிறீற்றின் வலிமையை அறிதற்பொருட்டு, அதனை வார்க்கும்போதே 150 மில்லிமீற்றர் பக்கமுடைய கனவடிவக் கட்டிகள் சிலவற்றை வார்த்து, நீரிலிட்டுப் பதப்படுத்தி, 28ஆம் நாள் பொறியில் வைத்து நசுக்கிப் பார்ப்பர். பாடசாலைக் கட்டடமொன்றின் தூண்களுக்கென வார்த்த கட்டிகள் அவ்வாறு நசுக்கப்பட்டபோது, குறிக்கப்பட்ட வலிமைக்கு வெகு கீழேயே உடைந்தன. மறுவாரம் ஒப்பந்தகாரர் வேறு கட்டிகளைக் கொணர்ந்தார், அவை தேறின. முதற் பெறுபேற்றுத் தாள் பின்னர் கோப்பிற் காணப்படவில்லை. அவ்வெண்கள் அவ்விளம்பெண்ணின் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் எஞ்சியிருந்தன.

வழிகாட்டி ஒருவர் எதற்கு வேண்டும் என்று வினவுவார்க்கு இதைவிட நல்ல விடை கிடையாது. ‘இது தவறென எனக்குத் தோன்றுகின்றது; தவறுதானா? தவறாயின் யாருக்கு, எவ்வாறு எழுதுவது? எழுதினால் எனக்கு என்ன நேரும்?’ இவற்றுக்கான விடைகள் எப்பாடநூலிலும் இல்லை. வார்த்து முடிந்த தூணிலிருந்து உருளைத் துண்டொன்றைத் துளைத்தெடுத்துச் சோதிக்கலாம், அதனைக் கோருவது மரபுக்கு மாறானதன்று, கோரிக்கையை எழுத்திலே வைக்க வேண்டும் என்னும் மூன்று செய்திகளையும் அனுபவமுள்ள ஒருவர் ஐந்து நிமிடத்திற் சொல்லியிருப்பார். ஆனால் அப்பெண்ணின் வழிகாட்டியோ, அவரது பதவியை நிரந்தரமாக்கும் படிவத்தில் ஒப்பமிட வேண்டியவர். அதற்கும் மேலாக, எமது சங்கத்தின் முழு அங்கத்துவத்துக்கான நேர்முகத் தேர்வுக் குழுவிலும் இருந்தவர். அப்பெண் கேட்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழிந்து, வேறு மாவட்டத்துக்கு மாற்றம் பெற்ற பின்னரே என்னிடம் கூறினார். அதன்பின் அவர் சம்மதத்துடன் நான் எழுதிய கடிதத்துக்கு, கோப்பிலுள்ள பெறுபேறுகள் யாவும் திருப்திகரமானவை எனப் பதில் வந்தது. அக்கட்டடத்திற் பிள்ளைகள் படிக்கின்றனர். தூண்கள் நன்றாகவே இருக்கக்கூடும். இருக்கக்கூடும் என்பதற்கு மேல் எவராலும் எதுவும் சொல்ல இயலாது.

அம்மேலதிகாரி தீயவர் என்று நான் கூற வரவில்லை. அவர் நேர்மையாளராகவே இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் துணைநின்றும் இருக்கலாம். ஆனால் அவர் எத்தகையவர் என்பதைச் சோதித்தறிதற்கு அவ்விளம்பெண் தன் எதிர்காலத்தையே பணயமாக வைக்க வேண்டியிருந்தது. அத்தகைய நிலையில் அவரை வைத்தது எமது திட்டமே. திட்டம் இல்லாதிருந்தால் அவர் வேறெவரையேனும் நாடியிருப்பார். திட்டம் இருந்தமையால், ‘உமக்குத்தான் ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளாரே’ என்று ஏனையோர் ஒதுங்கினர்.

இவ்விடர்ப்பாடு எமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய இராச்சியத்தின் தாதியர் பயிற்சியில், மருத்துவமனைகளில் மாணவத் தாதியர்க்கு வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவரே அவர்தம் செயல்முறைத் திறனை மதிப்பிட்டு ஒப்பமிடுபவராகவும் நெடுங்காலம் இருந்தார். 2003இல் கத்லீன் டஃபி என்பார் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. திறமை போதாத மாணவரையும் தவறவிட வழிகாட்டிகள் தயங்கினர். ஐயத்தின் பயனை மாணவர்க்கே அளித்துத் தேறச் செய்தனர். மாதக்கணக்காகப் பக்கத்திலிருந்து கற்பித்தவர்க்கு, கற்பிக்கப்பட்டவரின் தோல்வி தன் தோல்வியாகவே தோன்றும் அல்லவா? இவ்வாறு ஓரிடத்தில் இளையவர் வாய் திறக்க அஞ்சுகின்றார். மற்றோரிடத்தில் மூத்தவர் உண்மையை எழுத அஞ்சுகின்றார். நோய் ஒன்றே. 2018இல் அந்நாட்டின் தாதியர், மருத்துவமாதர் பேரவை புதிய நியமங்களை வெளியிட்டபோது, மேற்பார்வை செய்து பழக்குபவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்று பிரித்தது. ஒரே மாணவர்க்கு ஒரே ஆள் இரண்டுமாக இருத்தல் கூடாது என விதித்தது. ஆயிரக்கணக்கான தாதியரைப் பயிற்றும் அமைப்பொன்று பட்டறிந்து கைவிட்டதனை, இருநூறு அங்கத்தவர் கொண்ட எமது சங்கம் புத்தாக்கம் என விளக்கேற்றித் தொடங்கிற்று!

இனி, எனக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் பார்ப்போம். ‘அதிகாரமற்ற வழிகாட்டியாற் பயன் என்ன? கதவைத் திறந்துவிடக் கூடியவரன்றோ வழிகாட்டி?’ என்பது அவற்றுள் வலுவானது. 1985இல் தொழிலிட வழிகாட்டல் பற்றி நூலெழுதிய அமெரிக்க ஆய்வாளர் கதி கிறாம், வழிகாட்டியின் பணிகளை இரு வகைப்படுத்தினார்: தொழிலில் முன்னேற்றுவன ஒரு வகை, மனத்துக்கு உறுதியும் தன்மதிப்பும் அளிப்பன மற்றொரு வகை. முதல் வகைக்குப் பதவியும் செல்வாக்கும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கதவைத் திறக்க வல்லவர் திறக்கட்டும். அதற்குப் பரிந்துரை என்று பெயர், அது பகிரங்கமாக நடைபெறட்டும். ஆனால் கதவைத் திறக்க வல்ல கை அடைக்கவும் வல்லது என்பதை இளையவர் ஒருபோதும் மறப்பதில்லை. தன் அறியாமையை, தன் தவறை, தன் மேலதிகாரியின் தவறை அக்கையின் முன் விரித்து வைக்குமாறு அவரைக் கேட்பது நியாயமன்று. மறைத்துப் பேசும் இளையவருக்கு வழிகாட்டுவது, நோயை மறைக்கும் நோயாளிக்கு மருந்து எழுதுவதை ஒக்கும்.

இரண்டாவது வாதம் மரபின் பெயரால் வருவது. ‘எமது குருசீட முறையில் ஆசானே கற்பித்தான், ஆசானே சோதித்தான், நன்னூலைப் பாருங்கள்’ என்று எமது செயற்குழுவில் ஒருவர் முழங்கினார். நல்லதே, நன்னூலைப் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றி, எமது ஆறுமுக நாவலர் காண்டிகையுரை செய்து பதிப்பித்த அவ்விலக்கணத்தின் பொதுப்பாயிரம், மாணவன் ஆசிரியனிடம் எவ்வாறு ஒழுக வேண்டும் என்று கூறுவது மெய். தீக்காய்வான் போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் அஞ்சி நிற்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே பாயிரம், ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் கூறுகின்றது. எம்மவர் வசதியாக மறப்பது இப்பகுதியையே. கருக்கு மட்டைகள் சூழ்ந்திருத்தலால் ஏறிப் பறிக்க இயலாமல், தானாக விழுந்தால் மட்டுமே பழந்தரும் மடற்பனை. ஒருவர் வளவில் நின்று அவர் வார்த்த நீரைக் குடித்து, அடுத்த வளவிலே காய் சொரியும் முடத்தெங்கு. இட்ட வரிசை கலைந்து எதுவோ முன்னர் எதுவோ பின்னர் வெளிவரும் கழற்பெய் குடம். சிறிது சிறிதாகவே வாங்கிச் சிறிது சிறிதாகவே தரும் பருத்திக் குண்டிகை. பனையும் தென்னையும் வளர்ந்த வளவுகளிலிருந்து வந்த எமக்கு இவற்றுக்கு உரை வேண்டியதில்லை. எமது பட்டியலில் இருந்த மூத்தவருள் மடற்பனைகள் எத்தனை, முடத்தெங்குகள் எத்தனை என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. எண்ணிக்கையை இங்கு எழுதுவது நாகரிகமாகாது.

‘நல்லாசிரியனை நன்னூல் துலாக்கோலுக்கு ஒப்பிடுகின்றதே, அது மதிப்பிடுதல் அன்றோ?’ எனவும் அவ்வன்பர் கேட்டார். அக்கோல் நிறுப்பது ஐயத்தையும் பொருளையும், மாணவனின் பிழைப்பையன்று. ஐயந்தீர உணர்த்துதலும் நடுநிலை பிறழாமையுமே அங்கு உவமையின் பயன். எமது இளையவர்க்கும் அத்தகைய துலாக்கோலே வேண்டும். அன்றியும், குருசீட முறையின் எச்சம் எனப்படும் சட்டத்தொழிற் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். புறொக்டர், அப்புக்காத்து என்ற பிரிவு 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தால் ஒழிந்து, எல்லோரும் சட்டத்தரணிகளாயினர். அப்பிரிவு இருந்த காலத்திலும் சரி, ஒழிந்த பின்னரும் சரி, இளையவர் மூத்தவரின் கீழ் இருந்து தொழில் பழகினர். ஆயினும் அவருக்குப் பரீட்சை நடத்தியது சட்டக் கல்விப் பேரவையேயன்றி அம்மூத்தவர் அல்லர். மரபு என்று எதனை இவர்கள் கூறுகின்றனரோ, அது இவர்கள் பக்கம் நிற்கவில்லை.

அயல்நாட்டு மரபும் நிற்கவில்லை. வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் மென்ரர் என்னும் பெயர் கிரேக்கக் காவியமாகிய ஒடிசியிலிருந்து வந்தது. போருக்குச் சென்ற ஒடிசியஸ் தன் இல்லத்தை ஒப்படைத்துச் சென்ற முதிய நண்பன் அவன். ஆனால் இளவரசனுக்கு உறுதியான அறிவுரை கூறித் துணைவந்தவன் அம்முதியவன் அல்லன்; அவன் உருவைத் தாங்கி வந்த அதீனா என்னும் தெய்வம். அம்முதியவனோ, வீட்டைச் சூறையாடியோரைத் தடுக்கும் வலியற்றவனாகவே காணப்படுகின்றான். இன்றைய பொருளில் அப்பெயர் பரவியதற்கு 1699இல் வெளிவந்த பெனலோனின் பிரெஞ்சு நூலே பெரிதும் காரணம். பதவியின் உருவம் ஓரிடத்திலும் அறிவுரை வேறிடத்திலும் இருக்கலாம் என்பது அப்பெயருடனேயே பிறந்த உண்மை போலும்.

மூன்றாவது வாதம் ஆட்பற்றாக்குறை. இதனை நான் எள்ளமாட்டேன். 1983இன் பின்னர் வடக்குக் கிழக்கிலிருந்து தொழிலறிஞர் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தனர். யுத்தம் 2009இல் முடியும்வரை அது ஓயவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடி நாடு முழுவதிலுமிருந்து மற்றொரு தலைமுறையைக் கொண்டுசென்றது. இளையவர்க்கு இயல்பாகவே அண்ணன்மாராகவும் அக்காமாராகவும் நின்று தொழில் சொல்லித் தரவேண்டிய நாற்பது வயதினர் இவ்வாறு அருகிவிட, ஓய்வை நெருங்கியோரும் புதிதாக வந்தோருமே எஞ்சினர். முல்லைத்தீவிலோ அம்பாறையிலோ பணிபுரியும் இளையவர்க்கு, அதே துறையில் அதே மாவட்டத்தில் மேலதிகாரி அல்லாத மூத்தவரைத் தேடுவது கடினமே. அத்துடன் மொழித் தடையும் உண்டு. சந்திப்புகள் ஆங்கிலத்தில் நடைபெறும்; தன் ஐயத்தைத் தமிழிலே தெளிவாகச் சொல்ல வல்ல பிள்ளை, ஆங்கிலத்திற் சொல்லும்போது பாதியைச் சொல்லி நிறுத்திவிடும். மூத்தவரோ, பிள்ளைக்கு விளக்கம் குறைவு என்று முடிவு செய்துவிடுவார். சிங்கள மொழி அலுவலகத்திலே தனியொரு தமிழராக இருப்பவர் நிலை இதனிலும் இரங்கத்தக்கது.

ஆயினும் இப்பற்றாக்குறை என் வாதத்தை அசைக்காது. வழிகாட்டி அதே மாவட்டத்தில் இருக்க வேண்டும் என்பது யார் விதித்த விதி? தொலைபேசி இல்லாத நாடா இது? புலம்பெயர்ந்து சென்றோருள் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்க விரும்புவோர் உளர். இங்குள்ள திணைக்களங்களின் போக்கை அவர்கள் மறந்திருக்கலாம். ஆனால் எவருடைய படிவத்திலும் ஒப்பமிட வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை என்ற ஒன்றே போதிய தகுதி. ஒரே அலுவலகத்தவரைத்தான் சேர்க்க இயலும் எனில், நேர்முகத் தேர்வு நாளில் அம்மூத்தவர் அவ்வேட்பாளரைப் பொறுத்தவரை எழுந்து வெளியே செல்லட்டும். தனக்குத் தொடர்புள்ள வழக்கிலிருந்து நீதிபதி விலகிக்கொள்வதை நாம் பெருமையாகக் கூறுகின்றோம். அதையே ஒரு சங்கத்தின் குழு அங்கத்தவரிடம் கேட்டால், அவமதிப்பு எனச் சினக்கின்றனர்.

இச்சினத்தின் வேரைச் சற்று அகழ்ந்து பார்த்தல் வேண்டும். இக்கட்டுரையை வாசிப்போருட் பலர் இன்னும் விரிவுரை மண்டபங்களில் இருப்பவர்கள். ஆகையால் அவர்கட்கு இது கசக்கலாம். மூத்தவன் என்ற ஒரே காரணத்தால் இளையவனை நிற்கவைக்கவும் பாடவைக்கவும் உரிமை உண்டு என்னும் எண்ணம் எங்கே பயிலப்படுகின்றது? 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. எண்ணத்தை அது ஒழித்ததாகத் தெரியவில்லை. ‘சீனியர்’ என்று விளிக்கப்பட்டுப் பழகியவர் இருபதாண்டு கழித்துச் சங்கத்தின் வழிகாட்டியாக அமரும்போது, இளையவர் தன்னிடம் வருவதைத் தனக்குரிய வரிசையாகவே கருதுகின்றார். நிலமானிய சமூகத்தில் வரிசை பெற்றோர் கைம்மாறாகக் காவலேனும் அளித்தனர். இவரோ சந்திப்பை மூன்று முறை ஒத்திவைத்து, நான்காம் முறை தன் மாநாட்டுக் கட்டுரைக்குப் படம் வரைந்து தருமாறு இளையவரிடம் கேட்கின்றார். இதற்குப் பெயர் வழிகாட்டலாம்! எமது திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தில் இளையவர்க்குப் பதினொரு கடமைகள் இருந்தன. மூத்தவர்க்கு ஒன்றும் இல்லை. ‘தம் பெறுமதிமிக்க நேரத்தை வழங்க இசைந்தமைக்கு நன்றி’ என்ற வாக்கியம் மட்டும் இருந்தது. அப்படிவத்தையும் எழுதியவன் நானே.

பெண் அங்கத்தவர்க்கு இதன் விளைவு இன்னும் கொடிது. பெரும்பாலான மூத்தவர் ஆண்கள். சந்திப்பு எங்கே, எந்நேரம் என்பதைத் தீர்மானிப்பவரும் அவர்களே. தீர்ப்பும் அவர் கையிலிருந்தால், ‘இச்சோடி எனக்கு வேண்டாம்’ என்று ஓர் இளம்பெண் எவ்வாறு எழுதுவார்? எழுதினால் ‘ஏன்?’ என்று கேட்கும் படிவமே எம்மிடம் இருந்தது. காரணம் கேளாமலே எவரும் விலகலாம் என்ற ஒரு வரி, வழிகாட்டிகளுக்கு நாம் நடத்திய பயிற்சிப் பட்டறைகள் அனைத்தையும் விட அதிகம் காப்பாற்றியிருக்கும். பட்டறைகளைப் பற்றிக் கூறுவதாயின், மதிய உணவு நன்றாக இருந்தது.

இரகசியம் பற்றியும் ஒரு சொல். வழிகாட்டியிடம் கூறியது எங்கும் செல்லாது என்று வாக்களித்தல் எளிது. உயிருக்கு ஆபத்து, சட்டமீறல் என்னும் இவ்விரண்டில் மட்டும் அவ்வாக்குக்கு எல்லை உண்டு என்பதை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் இளையவர் தெரிந்து பேசுவார். அந்த எல்லைக்கு அப்பால் எதுவும், திட்டத்தின் செயலாளனுக்குக் கூட, வரக்கூடாது. எமது திட்டத்திலோ ஒவ்வொரு சந்திப்புக்கும் ‘முன்னேற்ற அறிக்கை’ கோரப்பட்டது. இளையவரின் பலவீனங்கள் என்றொரு நிரலும் அதில் இருந்தது. அவ்வறிக்கைகள் இருந்த அலுமாரியின் திறப்பு, நேர்முகத் தேர்வுக் குழுவின் எழுதுவினைஞரிடமே இருந்தது. ஒற்றாடல் என்று நான் ஏன் கூறினேன் என்பது இப்போது விளங்கும்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே, ‘ஓர் அங்கத்தவரின் வழிகாட்டியாக இருப்பவர் அவரது பதவி, அங்கத்துவம் பற்றிய எம்முடிவிலும் பங்குகொள்ளலாகாது’ என்று யாப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்க்குமாறு திருத்தம் கொணர்ந்தேன். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. வழிமொழியவும் ஒருவரும் எழவில்லை. பின்வரிசையில் இருந்த இளைய அங்கத்தவர் சிலர் தலையைக் குனிந்துகொண்டனர். அவர்தம் வழிகாட்டிகள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். தேநீர் வேளையில் அவர்களுள் மூவர் தனித்தனியே வந்து, நான் கூறியது சரியே என்று மெல்லிய குரலிற் சொல்லிச் சென்றனர். அத்திருத்தத்தை இவ்வாண்டுக் கூட்டத்துக்கும் அனுப்பியுள்ளேன். வழிமொழிபவர் பெயருக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.